பத்து சென்ட் காசுக்கு ஒரு பாட்டு: போர்க்கால அமெரிக்காவின் சவுண்டி படங்கள்

ஃபோனில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது இது உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். பழைய கறுப்பு வெள்ளைப் படம். கறுப்பினப் பாடகர்கள் நான்கு பேர் நோவாவின் பேழைக் கதையைப் பாட்டும் பேச்சுமாகக் கடகடவென்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு அடியும் தாளத்தில் வந்து உட்காருகிறது. ‘உலகின் முதல் ராப் பாட்டு’ என்று தலைப்புப் போட்டு யாராவது பகிர்ந்திருப்பார்கள். பாடுகிறவர்கள் ஜூபலேர்ஸ் என்ற குழுவினர். பாட்டின் பெயர் ‘நோவா’. வந்த ஆண்டு 1946.

அது முதல் ராப்தானா என்பது தனி விவாதம். கறுப்பினத் தேவாலயங்களில் தாளத்தோடு கதை சொல்லும் வழக்கம் அதைவிட வெகு பழையது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குள் எழுந்த கேள்வி வேறு. படம் மூன்றே நிமிடம். முன்னால் கதை இல்லை, பின்னாலும் கதை இல்லை. பெரிய சினிமாவிலிருந்து வெட்டி எடுத்த பாட்டு மாதிரியும் தெரியவில்லை. அப்போது வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்து சேர்ந்திருக்கவில்லை. அப்படியானால் இதை எங்கே வைத்து, யார், எதற்காகப் பார்த்தார்கள்?

இந்த வகைப் படத்துக்குச் ‘சவுண்டி’ என்று பெயர். 1941 முதல் ஏறக்குறைய ஆறு வருடங்கள், அதாவது அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கிய காலத்தை ஒட்டி, இவை வாரம் தவறாமல் வெளிவந்தன. மொத்தம் 1,800க்கும் மேல் எடுத்தார்கள். அவற்றில் 300க்கும் மேற்பட்டவற்றில் கறுப்பினக் கலைஞர்கள் ஆடினார்கள், பாடினார்கள், வாசித்தார்கள். அந்த முந்நூறு படங்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பெட்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டி புரிந்தால் படமும் பாதி புரிந்துவிடும்.

காசு போட்டால் இசைத்தட்டு பாடும் ஜூக்பாக்ஸ் நமக்குத் தெரியும். அதே ஜூக்பாக்ஸ் படமும் காட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்ததன் விளைவுதான் ‘பனோரம்’. செய்தது சிகாகோவின் மில்ஸ் நாவல்டி கம்பெனி. காசு போட்டு விளையாடும் சூதாட்ட இயந்திரங்களும் ஜூக்பாக்ஸ்களும்தான் அவர்களுடைய தொழில். தொடக்கத்தில் அவர்களோடு கூட்டுச் சேர்ந்தவர் ஜேம்ஸ் ரூஸ்வெல்ட், அப்போதைய ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மூத்த மகன். அதனாலேயே பத்திரிகைகள் இந்த இயந்திரத்தைப் பற்றி நிறைய எழுதின.

ஆள் உயரத்துக்கு ஒரு மர அலமாரி. அதன் மேல்பகுதியில், இரண்டடி அகலம்கூட இல்லாத ஒரு திரை. உள்ளே 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர். புரொஜெக்டருக்கும் திரைக்கும் நடுவே நேர்கோட்டில் போதிய தூரம் கிடையாது. அதனால் ஒளியைக் கண்ணாடிகளில் பட்டுத் திரும்ப வைத்து, திரையின் பின்பக்கத்தில் விழச் செய்தார்கள். கண்ணாடியில் பட்டால் படம் இடவலம் மாறிவிடும் அல்லவா? அதைச் சரிக்கட்டப் படச்சுருளையே இடவலம் மாற்றி அச்சடித்தார்கள். இதை மனதில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

பத்து சென்ட் காசு ஒன்றைப் போட்டால் ஒரு படம் ஓடும். அந்தக் காசுக்கு அங்கே ‘டைம்’ என்று பெயர். ஒரு சுருளில் எட்டுப் படங்கள், தலையும் வாலும் ஒட்டி, நிற்காமல் சுற்றும் வளையமாக. ஒரு படம் முடிந்ததும் இயந்திரம் நின்றுவிடும். அடுத்த காசு விழுந்தால் அடுத்த படம்.

இதில் எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்க வழியே இல்லை. ஜூக்பாக்ஸில் பிடித்த பாட்டின் பொத்தானை அழுத்தலாம். பனோரத்தில் வரிசையில் அடுத்து எது நிற்கிறதோ அதுதான் வரும். வியாபாரமாகப் பார்த்தால் இது பெரிய குறை. ஆனால் இந்தக் குறையால்தான் ஒரு நல்ல காரியம் நடந்தது என்று நான் நினைக்கிறேன். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாடகியைப் பார்க்கலாம் என்று காசு போட்டவருக்கு கறுப்பின ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனின் இசைக்குழு வந்து நிற்கும். மதுக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்தவரும் அதைப் பார்ப்பார். கறுப்பினக் கலைஞர்களைப் பார்ப்பதற்காகவே ஒரு தியேட்டருக்கு டிக்கெட் வாங்கிப் போயிருக்கவே மாட்டார் அவர்.

அது ஏன் பெரிய விஷயம் என்று புரிய, அன்றைய ஹாலிவுட் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

பெரிய ஸ்டுடியோ படங்களில் கறுப்பினத்தவர் என்றால் வேலைக்காரி, ரயில்வே போர்ட்டர், சமையல்காரர், பயந்து கண்ணை உருட்டும் கோமாளி. இவ்வளவுதான். வெள்ளைக்கார நாயகன் மேஜையில் உட்கார்ந்திருப்பான், இவர்கள் தட்டோடு வந்து போவார்கள். நல்ல பாடகராக இருந்தால் ஒரு பாட்டு கிடைக்கும். அதுவும் கதையோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். கறுப்பினப் பாடகி லீனா ஹோர்னை எம்.ஜி.எம். நிறுவனம் இப்படித்தான் பயன்படுத்தியது. தூணில் சாய்ந்து ஒரு பாட்டுப் பாடுவார், போய்விடுவார். இனப் பிரிவினை சட்டமாகவே இருந்த தென் மாநிலங்களின் தியேட்டர்களுக்காக அந்தப் பகுதியைக் கத்தரித்து எடுத்தாலும் கதை குலையாது. அதற்கு வசதியாகவே அப்படி அமைத்தார்கள். அவ்வளவு அழகாகப் பாடும் ஒருவரை, வெட்டி எடுக்க வசதியாகப் படத்தில் வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் கசக்கிறது.

சவுண்டியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மூன்று நிமிடத்தில் யாருக்குத் தட்டு ஏந்துவது? கதையும் இல்லை, பரிமாற ஒரு நாயகனும் இல்லை. பாடுகிறவர்தான் படம். கேமரா அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், வேறு போக்கிடம் கிடையாது.

தயாரிப்பாளர்களுக்கு இனச் சமத்துவத்தில் அக்கறை பொங்கி வழிந்தது என்று இதற்குப் பொருள் அல்ல. அது ஸ்விங் இசை, அதாவது பெரிய குழுக்கள் ஆட்டத்துக்காக வாசித்த ஜாஸ், உச்சத்தில் இருந்த காலம். எலிங்டன், கவுண்ட் பேசி, கேப் கேலோவே, லூயி ஆம்ஸ்ட்ராங், ஃபேட்ஸ் வாலர் எல்லாரும் ஏற்கெனவே ரேடியோவிலும் இசைத்தட்டிலும் நாடறிந்த பெயர்கள். வாரம் எட்டுப் படம் வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும். மேடையில் பழகித் தேர்ந்த கலைஞர்கள் ஒத்திகையே இல்லாமல் வந்து அசத்திவிட்டுப் போவார்கள். ஆக, அவசரமும் சிக்கனமும்தான் கதவைத் திறந்தன.

படம் எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பாட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்துவிடுவார்கள். அப்புறம் படப்பிடிப்பில் அதை ஓடவிட்டு வாயசைக்க வேண்டும், விரலசைக்க வேண்டும். நம் சினிமாப் பாட்டு எடுக்கிற அதே முறைதான். பெரும்பாலும் பாடியவரே நடிப்பார் என்பது மட்டும் வித்தியாசம். ஒரே நாளில் பல பாட்டுகளை எடுத்து முடிப்பார்கள். அதனால் சில படங்களில் டிரம் அடிக்கும் கை ஒரு நொடி பிந்தும், டிரம்பெட் உதட்டுக்குப் போகுமுன் சத்தம் வந்துவிடும். குறை என்று ஒதுக்காமல் பாருங்கள். மைக்குக்கு முன்னால் கட்டிப்போட்டது போல நிற்க வேண்டிய அவசியம் இல்லாததால், கலைஞர்கள் உடம்பு முழுவதையும் பாட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இனிப் போருக்கு வருவோம்.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியபோது கறுப்பின அமெரிக்கர்கள் முன்னால் ஒரு நேரடியான கேள்வி நின்றது. ஐரோப்பாவில் இனவெறியை எதிர்த்துச் சண்டையிடப் போகச் சொல்கிறது அரசு. அனுப்புவதோ கறுப்பர் தனி, வெள்ளையர் தனி என்று பிரித்த ராணுவத்தில். அந்தப் பிரிவினையை ஒழிக்கும் ஆணை 1948இல்தான் வந்தது. போர்த் தளவாடத் தொழிற்சாலைகளிலும் கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கதவு மூடியிருந்தது. ஏ. பிலிப் ராண்டால்ஃப் என்ற தொழிற்சங்கத் தலைவர் தலைநகரை நோக்கி மாபெரும் பேரணி நடத்துவோம் என்று எச்சரித்த பிறகுதான், 1941 ஜூனில் ரூஸ்வெல்ட் அந்தத் தொழிற்சாலைகளில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஆணையில் கையெழுத்திட்டார். 1942 தொடக்கத்தில் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்ற கறுப்பினப் பத்திரிகை ‘இரட்டை வெற்றி’ இயக்கத்தைத் தொடங்கியது. வெளியே எதிரி நாடுகளின் மீது ஒரு வெற்றி, உள்ளே இனவெறியின் மீது ஒரு வெற்றி. இரண்டும் வேண்டும் என்றார்கள்.

இதே காலத்தில் லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் தெற்கின் பருத்திக் காடுகளை விட்டு டெட்ராய்ட், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தன. கையில் சம்பளம் இருந்தது. சனிக்கிழமை இரவுக்கு ஒரு நல்ல சட்டை, நல்ல இசை வேண்டும். பனோரம் பெட்டி மதுக்கடைகளில், உணவகங்களில், பேருந்து நிலையங்களில் நின்றது. நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் கால் வைக்கிற இடங்கள் அவை.

போர் அந்தத் திரைக்குள்ளும் நுழைந்தது. பாடகர் லூயி ஜோர்டனின் ‘ஜி.ஐ. ஜைவ்’ சிப்பாயின் அன்றாடத்தைத் துள்ளலாகப் பாடுகிறது. அவருடைய இன்னொரு பாட்டான ‘ரேஷன் ப்ளூஸ்’ சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் வந்த தட்டுப்பாட்டைப் பற்றிப் புலம்புகிறது. புலம்பலில் இரட்டை அர்த்தம் வேறு. ரேஷன் வரிசையில் நின்று பழகிய யாருக்கும் அந்தப் பாட்டின் முதல் அர்த்தம் உடனே பிடிபடும்.

‘ஜூட் சூட்’ என்ற பாட்டு இன்னும் சுவாரசியமானது. 1942இல் வந்தது, டாரதி டான்ட்ரிஜும் பால் ஒயிட்டும் ஆடிப் பாடியிருக்கிறார்கள். ஜூட் சூட் என்றால் முழங்கால் வரை தொங்கும் கோட்டு, தூக்கிவைத்த தோள், தொளதொளவென்று இறங்கிக் கணுக்காலில் இறுகும் கால்சட்டை. கறுப்பின இளைஞர்களும் மெக்சிக வம்சாவளி இளைஞர்களும் ஆசையாக உடுத்தியது. அதே ஆண்டு அரசாங்கம் போருக்காகத் துணியை மிச்சப்படுத்தச் சொல்லி உடைகளின் அளவுக்குக் கட்டுப்பாடு விதித்தது. உடனே அந்த உடை தேசத்துரோகம் போலப் பேசப்பட்டது. 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் படைவீரர்கள் தெருத்தெருவாகப் போய் ஜூட் சூட் போட்ட இளைஞர்களை அடித்து, உடையைக் கிழித்தெறிந்தார்கள். அதே மாதம் டெட்ராய்ட்டில் பெரும் இனக் கலவரம். இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தப் பாட்டைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு நல்ல உடைக்காகச் சந்தோஷப்படுகிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்துக்கு அடுத்த வருடமே எவ்வளவு விலை கொடுக்க நேர்ந்தது என்று எண்ணாமல் என்னால் அதைப் பார்க்க முடிவதில்லை.

போர் இந்தத் தொழிலையும் முடக்கியது. உலோகமும் பிற பொருள்களும் போர் உற்பத்திக்குப் போனதால் புதிய பனோரம் பெட்டிகள் செய்வது நின்றது. 1942 ஆகஸ்ட்டில் இசைக் கலைஞர் சங்கம் இனிப் பதிவு செய்யமாட்டோம் என்று வேலைநிறுத்தம் தொடங்கியது. அந்தக் கதை நீளம், இங்கே வேண்டாம்.

சரி, எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

டியூக் எலிங்டனிலிருந்து தொடங்குங்கள். 1941இல் அவர் லாஸ் ஏஞ்சலஸில் ‘ஜம்ப் ஃபார் ஜாய்’ என்ற மேடை நிகழ்ச்சியை நடத்தினார். கறுப்பினக் கலைஞர்கள் மட்டுமே பங்கேற்ற நிகழ்ச்சி. கைகட்டி நிற்கும் பழைய வேலைக்கார வேடத்தை மேடையிலிருந்து துரத்திவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம் என்று எலிங்டன் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வருடக் கடைசியில், அதே ஊரில், அவருடைய குழு ஐந்து சவுண்டிகளில் நடித்தது. மேடையின் தெம்பு அப்படியே படங்களுக்கும் வந்திருக்கிறது.

அந்த ஐந்தில் ‘ஹாட் சாக்லெட்’ ஒன்று. எலிங்டனின் ‘காட்டன் டெயில்’ என்ற விரைவான இசைக்கு ‘வைட்டீஸ் லிண்டி ஹாப்பர்ஸ்’ ஆடுகிறார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், சவாய் நடனக்கூடத்தில் வளர்ந்த ‘லிண்டி ஹாப்’ என்ற ஜோடி ஆட்டம் அது. ஒருவரை ஒருவர் தூக்கி எறிகிறார்கள், காலுக்கடியில் இழுத்து மறுபக்கம் நிறுத்துகிறார்கள். காற்றில் பறந்தவர் தாளம் தவறாமல் தரையில் வந்து இறங்குகிறார். அவர்களில் ஒருவர் ஃபிராங்கி மானிங். பிறகு ராணுவத்தில் சேர்ந்து போருக்குப் போனார், திரும்பி வந்து தபால் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 1980களில் இளைஞர்கள் இந்தப் பழைய படங்களைப் பார்த்து அவரைத் தேடிப் போனார்கள். எழுபது வயதை ஒட்டி மறுபடியும் ஆட்டம் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். உலகம் முழுவதும் இன்று லிண்டி ஹாப் ஆடப்படுவதில் இந்த மாதிரிப் படச்சுருள்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

‘ஃபிளமிங்கோ’ அதற்கு நேரெதிர். மெதுவான பாட்டு, ஹெர்ப் ஜெஃப்ரிஸ் பாடுகிறார். ஜேனட் காலின்ஸும் டேலி பீட்டியும் ஆடுகிறார்கள். காலின்ஸ் முறையாக பாலே பயின்றவர். பத்து வருடங்கள் கழித்து, 1951இல், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபராவில் முதன்மை நடனமணியாக அரங்கேறினார். அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். மேடைகள் அவருக்குக் கதவைத் திறக்குமுன் மதுக்கடைப் பெட்டி திறந்துவிட்டது.

‘ஜாம் செஷன்’ என்ற பெயரில் வந்த ‘சி ஜாம் ப்ளூஸ்’ எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. ஒரு சின்ன உணவுவிடுதி. எலிங்டன் பியானோவில் இரண்டே சுரங்களில் ஒரு மெட்டைத் தொடங்குகிறார். வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து தன் முறைக்கு வாசிக்கிறார்கள். ரே நான்ஸின் வயலின், ரெக்ஸ் ஸ்டூவர்ட்டின் கார்னெட், பென் வெப்ஸ்டரின் சாக்ஸபோன், ஜோ நான்டனின் டிராம்போன், பார்னி பிகார்டின் கிளாரினெட். நான்டன் ஒரு ரப்பர் மூடியைக் கையில் வைத்து டிராம்போனைப் பேச வைக்கிறார். கோமாளித்தனம் ஏதும் இல்லை. நல்ல உடை உடுத்திய, தன் தொழிலில் தேர்ந்த ஆண்கள், ஒருவர் வாசிப்பை இன்னொருவர் கேட்டு ரசிக்கிறார்கள். 1942இல் அமெரிக்கத் திரையில் இது அபூர்வமான காட்சி.

டாரதி டான்ட்ரிஜை மேலே பார்த்தோம். பிறகு 1954இல் வந்த ‘கார்மென் ஜோன்ஸ்’ படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பெண் இவர். சவுண்டியில் நடிக்கும்போது வயது இருபதை ஒட்டித்தான். ‘கவ் கவ் பூகி’யில் கௌபாய் உடையில், மேற்கத்தியப் பாணி மதுக்கடையில், கறுப்பின கௌபாய்கள் நடுவே பாடுகிறார். மாடு மேய்த்தவர்களில் கறுப்பினத்தவர் நிறையப் பேர் இருந்தது வரலாறு. ஹாலிவுட்டின் கௌபாய் படங்களோ அவர்களைக் காட்டவே மறந்திருந்தன.

லூயி ஜோர்டனைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாக்ஸபோன் வாசிப்பார், பாடுவார், கண்ணும் புருவமும்கூட நடிக்கும். பெரிய இசைக்குழுக்கள் பதினைந்து பேரோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது, இவர் ‘டிம்பனி ஃபைவ்’ என்ற சிறு குழுவை வைத்துக்கொண்டு அதே அளவு கொட்டகைகளை நிரப்பினார். சினிமாவின் பலத்தை இவரளவு புரிந்துகொண்ட இசைக்கலைஞர் அன்று வேறு யாரும் இல்லை என்று தோன்றுகிறது. 1945இல் ‘கால்டோனியா’ என்ற குறும்படம் எடுத்தார்கள். அதன் பாட்டுகள் தனித்தனியாகச் சவுண்டிகளாகவும் ஓடின, முழுப்படம் தியேட்டர்களிலும் ஓடியது. பிறகு வந்த ராக் அண்ட் ரோல் இசையின் துள்ளல் இவரிடமிருந்துதான் புறப்பட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. பாருங்கள், மறுக்கத் தோன்றாது. சிஸ்டர் ரோசெட்டா தார்ப்பையும் தேடிப் பாருங்கள். தேவாலயப் பாடகி, 1941இல் லக்கி மிலிண்டரின் ஸ்விங் குழுவோடு சவுண்டிகளில் பாடினார்.

இப்போது கசப்பான பக்கம். எல்லாச் சவுண்டியும் ‘ஜாம் செஷன்’ அல்ல.

பாடுகிறவர்கள் கறுப்பினத்தவர்கள், ஆனால் தயாரித்தவர்களும் இயக்கியவர்களும் அநேகமாக எல்லாரும் வெள்ளையர்கள். செட்டு போட்டவர்கள் பழைய கேலிச் சித்திரங்களையே எடுத்து வைத்தார்கள். பருத்தி மூட்டை, காட்டுவாசி உடை, சோம்பேறி, கோழி திருடுகிறவன். 1941இல் வந்த ‘லேஸிபோன்ஸ்’ படத்தில் பியானோவில் வெள்ளைக்கார இசையமைப்பாளர் ஹோகி கார்மைக்கேல். டாரதி டான்ட்ரிஜ் வேலைக்காரி, பீட்டர் ரே தூங்கிவழியும் வேலைக்காரன். அதே டாரதிக்கு இன்னொன்றில் காட்டு உடை. 1942இல் லூயி ஆம்ஸ்ட்ராங் நடித்த ‘ஷைன்’ பாட்டின் தலைப்பே கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் சொல்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சிலர் கோபத்தில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுகிறார்கள். சிலர் ‘அந்தக் காலம் அப்படி’ என்று கண்டுகொள்ளாமல் போகிறார்கள். இரண்டும் சரியல்ல என்பது என் எண்ணம். நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். செட்டும் உடையும் தயாரிப்பாளருடையவை. அவற்றை ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். குரலும் விரலும் காலும் கலைஞருடையவை. இன்னொரு கண் அவற்றின் மேலேயே இருக்கட்டும். ‘ஷைன்’ படத்தில் ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட்டை உயர்த்தும் நொடியைக் கவனியுங்கள். ‘லேஸிபோன்ஸ்’ படத்தில் அந்த இரண்டு ‘சோம்பேறி’களின் ஆட்டத்தைப் பாருங்கள். அவ்வளவு துல்லியமாக ஆட எத்தனை வருடப் பயிற்சி வேண்டும்! செட்டு ஒன்று சொல்கிறது, உடம்பு அதை மறுக்கிறது. முந்நூறு படங்களிலும் இந்த இழுபறி ஏதோ ஓர் அளவில் நடந்துகொண்டேயிருக்கிறது.

கறுப்பரும் வெள்ளையரும் திரையில் ஒரே காட்சிக்குள் வருவதே அன்று சிக்கலான விஷயம். 1944இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘ஜாமின் த ப்ளூஸ்’ என்ற பத்து நிமிடப் படம் சவுண்டி அல்ல, தியேட்டருக்காக எடுத்தது. இயக்கியவர் புகைப்படக் கலைஞர் கியோன் மிலி. இருட்டுப் பின்னணி, சுருண்டு எழும் சிகரெட் புகை, லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன், மேரி பிரையன்ட்டின் பாட்டு. ஜாஸ் இசையை இவ்வளவு அழகாகப் படம் பிடித்தவர்கள் குறைவு. ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. அந்தக் குழுவில் ஒரே ஒரு வெள்ளையர், கித்தார் வாசித்த பார்னி கெஸல். கலப்புக் குழுவைக் காட்டினால் தென் மாநிலங்களில் படம் ஓடாது என்று ஸ்டுடியோ பயந்தது. அதனால் அவரை நிழலில் உட்கார வைத்தார்கள். கை தெரியும் நெருக்கக் காட்சிகளுக்காக அவர் கைக்குப் பழச்சாற்றைப் பூசிக் கறுப்பாக்கினார்கள்.

இதோடு 1942இல் வந்த ‘லெட் மீ ஆஃப் அப்டவுன்’ சவுண்டியை ஒப்பிடுங்கள். ஜீன் க்ரூபாவின் வெள்ளைக்காரக் குழு. பாடகி அனிதா ஓடே வெள்ளையர், டிரம்பெட் வாசிக்கும் ராய் எல்ட்ரிஜ் கறுப்பர். இருவரும் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக நின்று, ஒருவரை ஒருவர் சீண்டிப் பேசிச் சிரித்துப் பாடுகிறார்கள். நிழலும் இல்லை, பூச்சும் இல்லை. அதே எல்ட்ரிஜ் அந்த நாட்களில் ஊர் ஊராகப் போனபோது, குழுவில் மற்றவர்களுக்குக் கிடைத்த ஹோட்டல் அறையும் சாப்பாடும் தனக்கு மறுக்கப்பட்ட அனுபவங்களைச் சுமந்துகொண்டிருந்தார். திரையில் கிடைத்த மூன்று நிமிடம் வெளியே கிடைக்கவில்லை.

போர் முடிந்த சமயத்தில் ஒரு பெண்கள் குழுவும் சவுண்டிக்கு வந்தது. ‘இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்’. மிசிசிப்பி மாநிலத்தில், பைனி வுட்ஸ் என்ற ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியில் 1930களின் கடைசியில் உருவான குழு. கறுப்பினப் பெண்களே அதிகம், பிற இனப் பெண்களும் சேர்ந்திருந்தார்கள். தெற்கில் பயணம் செய்தபோது வெள்ளைக்காரப் பெண்கள் முகத்துக்கு நிறம் பூசிக்கொண்டு போலீஸ் கண்ணில் படாமல் தப்ப வேண்டியிருந்தது. 1945இல் ஐரோப்பாவுக்குப் போய்க் கறுப்பினப் படைவீரர்களுக்கு வாசித்தார்கள். 1946இல் வந்த ‘ஜம்ப் சில்ட்ரன்’ படத்தில் ஆனா மே வின்பர்ன் தலைமையேற்று நிற்கிறார். பின்னால் வரிசை வரிசையாகப் பெண்கள் டிராம்போனும் டிரம்பெட்டும் ஊதுகிறார்கள். அவர்களைப் பற்றிய அசையும் படங்கள் மிகக் குறைவு. இந்தச் சுருள்கள் இல்லாவிட்டால் அவர்கள் எவ்வளவு அழுத்தமாக வாசித்தார்கள் என்று நம்மால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாமலே போயிருக்கும். ஃபேட்ஸ் வாலரும் அப்படித்தான். 1943 டிசம்பரில், 39 வயதில், ரயில் பயணத்தில் இறந்துபோனார். அவர் பியானோவுக்குப் பின்னால் புருவத்தைத் தூக்கிச் சிரிப்பதை நாம் பார்க்கக் கிடைத்திருக்கும் கொஞ்சப் படங்களில் அவருடைய நான்கு சவுண்டிகளும் அடக்கம்.

1947க்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மதுக்கடைகளில் தொலைக்காட்சிப் பெட்டி வரத் தொடங்கியது, அதற்குக் காசு போட வேண்டியதில்லை. மிச்சமிருந்த படங்களை வீட்டில் புரொஜெக்டர் வைத்திருந்தவர்களுக்கு விற்றார்கள். பிறகு தொலைக்காட்சியில் இடைவெளி நிரப்பவும் போட்டார்கள். அப்படிச் சிதறிப்போனவற்றைச் சேகரிப்பாளர்கள் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்ததால்தான் இன்று இவ்வளவு பார்க்க முடிகிறது.

இணையத்தில் கலைஞர் பெயரோடு ‘சவுண்டி’ என்று சேர்த்துத் தேடினால் நிறையக் கிடைக்கும். ‘சி ஜாம் ப்ளூஸ்’ கிடைத்தால் முதலில் ரே நான்ஸின் கையைப் பாருங்கள். வில் வலக்கையில் இருந்தால் சரியான பிரதி. இடக்கையில் வில்லைப் பிடித்திருந்தால், பனோரத்தின் கண்ணாடிக்காகத் திருப்பி அச்சடித்த ஒரு சுருளிலிருந்து அது நேராக உங்களிடம் வந்திருக்கிறது. ஏதோ ஓர் ஊரின் மதுக்கடையில், யாரோ போட்ட காசுக்குச் சுற்றிய சுருளாகக்கூட அது இருக்கலாம்.